அவருக்குத் தெரியாதாம்

எங்கள் வீட்டில் என்னைவிட நல்ல மொழிபெயர்ப்பாளர் எவரும் இல்லை என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். நம்புவதற்குக் காரணங்களும் இருந்தன. வங்கியிலிருந்து யாராவது அழைத்தால் அம்மா தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார். அவருடைய கடைவாய்ப்பல் வலியைப் பல்வைத்தியருக்கு விளக்கியது நான்தான். வகுப்பில் ஓயாமல் கதைக்கிறேன் என்று ஆசிரியை அம்மாவிடம் முறைப்பாடு செய்தபோது, அதை மொழிபெயர்த்துக் கொடுத்ததும் நானே. தமிழுக்கு வந்து சேர்வதற்குள் அந்த முறைப்பாடு ஒரு பாராட்டாகிவிட்டது. அன்று மாலை அம்மா எனக்கு ரவைக் கேசரி கிண்டித் தந்தார்.

எனக்கென்று ஒரு பாணி இருந்தது. நீண்டதைச் சுருக்குவேன். கூரானதை மழுக்குவேன். இரண்டு பக்கத்துக்கும் மனஸ்தாபம் வராமல் பார்த்துக்கொள்வேன். இந்தத் திறமையை ஒருமுறை பாலைவனத்தின் நடுவே ஒரு பாறைக்குக் கீழே நின்று காட்டினேன். அதனால் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தப் பயணத்துக்குக் காரணம் சித்தப்பா, அப்பாவின் தம்பி. அப்பா முதலில் இந்த நாட்டுக்கு வந்து, பிறகு அம்மாவையும் என்னையும் விமானத்தில் கூப்பிட்டுக்கொண்டார். சித்தப்பா படகில் வந்தார். அதனால் எங்களுக்கு ஒரு மாதிரியான விசா, அவருக்கு வேறு மாதிரியான விசா. எங்களுடையது பெட்டிக்குள் வைத்து மறந்துவிடக்கூடியது. அவருடையது மாதக்கணக்கில் புதுப்பிக்க வேண்டியது. நாங்கள் மெல்பேர்னின் மேற்கே ட்ருகனினாவில் இருந்தோம். அவர் ஆறு மணிநேரம் தள்ளி, மில்டுராவில் திராட்சை பொதிசெய்யும் கொட்டகையொன்றில் வேலை செய்தார்.

சித்தப்பாவின் இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடியோடு இல்லை. எப்படிப் போயின என்று நான் கேட்டால் ஒரு சுறா கடித்தது என்பார். பக்கத்து வீட்டுப் பையனிடம் அதையே முதலை என்றார். பெரியவர்கள் கேட்டால் சிரிப்பார், அவ்வளவுதான். அப்பாவுக்கும்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

அந்த வருடம் அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்தது. மேல்முறையீடு ஒன்று பாக்கி இருந்தது. அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா குசினி மேசையில் இருந்து சொன்னார். கடிதம் ஒன்பது பக்கம். அதைத் தொலைபேசியில் சித்தப்பாவுக்கு அவர் இப்படி மொழிபெயர்த்தார்: "உன்ர விரல் விசயத்தை நம்பேல்லையாம்." ஒன்பது பக்கத்தை ஒரு வரியாக்கும் கலை எனக்கு எந்த வழியாக வந்தது என்று யாரும் தேடவேண்டியதில்லை.

அதற்குப் பிறகு சில நாட்கள் சித்தப்பா எங்களோடு பேசவில்லை. பின்பு ஒருநாள் அம்மாவை அழைத்தார். வடக்கே பாலைவனத்தில் ஒரு பழைய கோயில் இருக்கிறதாம், கொட்டகையில் தன்னோடு வேலை செய்யும் ஒருவர் சொன்னாராம். எங்களுடைய கோயில்களெல்லாம் அதற்கு முன்னால் நேற்றுப் பிறந்த பிள்ளைகளாம். ஏப்ரல் பள்ளி விடுமுறையில் எல்லாரும் ஒருமுறை போய் வந்தால் என்ன என்று கேட்டார்.

அம்மாவின் பலவீனம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஊர் சுற்றிப் பார்ப்பது என்றால் அம்மாவுக்கு அது வீண்வேலை. அதுவே கோயில் என்றால் கடமை. அம்மா அன்றைக்கே சித்தப்பாவின் விசாவுக்காக நேர்த்தி வைத்து மச்ச மாமிசத்தை விட்டார். வீட்டில் மீன் வாசனை நின்றது. அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிட்டார். பூசைச் சாமான் வாங்குவதற்காக நகரத்தின் மறு அந்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்வேலுக்குப் போனோம், ஏனென்றால் அங்கே விற்கிற வெற்றிலைதான் வெற்றிலை என்பது அம்மாவின் கட்சி. தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம், இரண்டு சீப்பு வாழைப்பழம் எல்லாம் ஒரு பையில் ஏறின. கடைசியாக நிராகரிப்புக் கடிதத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அதற்குள் வைத்தார். சாமியின் காலடியில் வைத்து எடுக்க வேண்டுமாம். உறையின் மூலையில் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்.

மில்டுராவுக்கு முன்னால், கோதுமை வயல்கள் முடிகிற இடத்தில் ஒரு பெரிய பலகை குறுக்கிட்டது. பழ ஈ பரவாமல் தடுக்க, அதற்கு அப்பால் பழங்கள் கொண்டுபோகக் கூடாது. பலகைக்குக் கீழே ஒரு பெரிய குப்பைத்தொட்டி. நான் வாசித்துச் சொன்னதும் அம்மா முதலில் என்னை நம்பவில்லை. சாமிக்கென்று வாங்கிய பழத்தைக் குப்பையில் போடுவதா? அதைச் செய்தால் சித்தப்பாவின் விசா என்ன ஆகும்? சாமிக்குப் படைக்காமல் நாங்கள் தின்பதா? அதுவும் முடியாது. அப்பா காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அம்மா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு துணியை விரித்து, பழங்களைக் கிழக்குப் பார்த்து வைத்து, கண்ணை மூடி அங்கேயே படைத்துவிட்டார். அதன்பிறகு அது பிரசாதம். ஆளுக்கு ஏழு வாழைப்பழம் வந்தது. எலுமிச்சம்பழங்களைப் போத்தல் தண்ணீரில் பிழிந்து சீனியில்லாமல் குடித்தோம். மாடுகள் ஏற்றிப்போன லொறி ஒன்று எங்களைப் பார்த்து மெதுவாகிப் பிறகு போனது. அப்பா கடைசிப் பழத்தை விழுங்கிவிட்டு, இந்த ஈக்கள் நல்ல வாழ்வு வாழ்கின்றன என்றார்.

மில்டுராவில் சித்தப்பா ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகான பாதை எனக்குத் தொடர்ச்சியாக நினைவில்லை. கண்ணை மூடித் திறப்பேன். அதே நேர்ப்பாதை, அதே நீல வானம். ஒருமுறை திறந்தபோது மண் சாம்பல் நிறமாக இருந்தது. இன்னொருமுறை திறந்தபோது செங்கல் பொடிபோல் சிவந்திருந்தது. தூரத்தில் ஒரு குளம் தெரியும், அதில் மரங்கள் தலைகீழாக நிற்கும், கிட்டப் போனால் குளமும் இல்லை மரங்களும் இல்லை. ஈமுக்கள் ஒரு வரிசையாக எங்களோடு கொஞ்சத் தூரம் ஓடிவந்து, ஏதோ மறந்ததுபோல் திரும்பிப் போயின. நான் சித்தப்பாவின் தோளில் தூங்கினேன். கனவிலும் கார் போய்க்கொண்டிருந்தது, ஆனால் அதை ஓட்டியது யாருமில்லை. எனக்கு அதில் பயமும் இருக்கவில்லை. இன்றுகூட அந்தப் பயணத்தில் எது கனவு எது பாதை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

புரோக்கன் ஹில்லில் ஒரு இரவு தங்கி, விடியக் கிளம்பி, மண் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். ட்ருகனினாவில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் அப்பாவுக்கு இரவு வேலை. அதனால் சூரியன் ஏறினால் அவருக்கு நித்திரை தானாக வந்துவிடும். கார் நின்ற மாத்திரத்தில் கதிரையைச் சாய்த்துக்கொண்டு, நீங்கள் கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார். அப்படித்தான் மொழிபெயர்ப்புப் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது.

அம்மா இறங்கியதும் கோபுரத்தைத் தேடினார். சிவந்த மலைமடிப்பும், வெள்ளைத் தண்டு மரங்களும், காய்ந்த ஓடையும்தான் இருந்தன. கால் கழுவக் கிணறு உண்டா என்று பார்த்தார். அதுவும் இல்லை. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டார். இரண்டு அடி வைத்ததும் முள் குத்தியது.

"தம்பி, சாமி எங்க?" என்று கேட்டார்.

"கொஞ்சம் நடக்கவேணும் அண்ணி," என்றார் சித்தப்பா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

எங்களோடு இன்னும் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தார்கள். ஈக்களுக்குப் பயந்து தொப்பியிலிருந்து வலை தொங்கவிட்ட ஒருவர், கைத்தடி ஊன்றிய ஒரு தம்பதி, வேறு சிலர். கூட்டிப்போக வந்தவர் அந்த மண்ணின் மனிதர். நரைத்த தாடி, அகன்ற தொப்பி, மெதுவான பேச்சு. அது அவருடைய முன்னோர்களின் இடம். பாறைக்குக் கிட்டப் போவதற்கு முன்பு அவர் எல்லோரையும் நிறுத்தினார். இங்கே பழையவர்கள் இருக்கிறார்கள், வந்திருப்பது யார், எங்கிருந்து என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு உள்ளே போவதுதான் முறை என்றார்.

நான் அம்மாவுக்குச் சுருக்கினேன்: "பேர் சொல்லிக் கும்பிடட்டாம்."

மற்றவர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் சொன்னார்கள். வலைத்தொப்பிக்காரர் அடிலெய்ட் என்றார். அம்மாவின் முறை வந்ததும் அவர் கைகூப்பி, கண்களை மூடி, அர்ச்சனைக்குச் சொல்வதுபோல ஆரம்பித்தார். அப்பாவின் பெயர், கார்த்திகை நட்சத்திரம், ரிஷப ராசி. தன்னுடையது. என்னுடையது. கடைசியாகச் சித்தப்பாவின் பெயர், பூரட்டாதி நட்சத்திரம், கும்ப ராசி. "இந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பிப்போடாதேயுங்கோ," என்று முடித்தார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அந்தத் தாடிக்காரர் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி ராசிவரைக்கும் கேட்டார். பிறகு பாறையைப் பார்த்துத் தன் மொழியில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, வாருங்கள் என்று தலையசைத்தார். கற்பூரம் கொளுத்தலாமா என்று அம்மா கேட்கச் சொன்னார். புகை பட்டால் ஓவியங்கள் கெட்டுவிடும், வேண்டாம் என்றார் தாடிக்காரர். அம்மா கற்பூரத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

பாறையின் கீழ் கைகள் இருந்தன.

ஒன்றிரண்டு அல்ல. மேலே, கீழே, ஒன்றன்மேல் ஒன்றாக, சிவப்பு மண்ணின் நடுவே வெளிறிய கைகள். பெரிய கைகள், முழங்கைவரை நீண்ட கைகள், என் கையைவிடச் சின்னக் கைகள். கையைப் பாறையில் வைத்து, குழைத்த செம்மண்ணை வாயிலிருந்து அதைச் சுற்றி ஊதுவார்களாம். கையை எடுத்த பிறகு மண் படாத இடம் கையாக நிற்கும். அங்கே யாரும் உரத்துப் பேசவில்லை. ஓடையிலிருந்து காற்று வந்தபோது அந்தக் கைகளெல்லாம் கொஞ்சம் அசைந்ததுபோல் இருந்தது. வா என்கின்றனவா, நில் என்கின்றனவா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்றும் தெரியவில்லை. அம்மா பக்கத்தில் வந்து, "ஆக்கள் நிறைய," என்று மெதுவாகச் சொன்னார். சாமி எங்கே என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அப்போதுதான் அதைக் கண்டேன். ஓரமாக, சித்தப்பாவின் நெஞ்சளவு உயரத்தில் ஒரு இடது கை. அதில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை.

"சித்தப்பா, உங்கட கை," என்று அவரை இழுத்துவந்தேன்.

அவர் பார்த்தார். தன் இடது கையை எடுத்துப் பாறையைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி, அதற்கு நேரே பிடித்தார். அளவு சரியில்லை, பாறையில் இருந்த கை சின்னது. ஒரு பெண்ணின் கையாகவோ ஒரு பிள்ளையின் கையாகவோ இருக்கலாம். ஆனாலும் அவர் கையை இறக்கவில்லை.

வலைத்தொப்பிக்காரரும் அதைக் கவனித்துவிட்டார். அந்த விரல்களுக்கு என்ன நடந்தது, வெட்டினார்களா, மடித்து வைத்திருந்தார்களா என்று கேட்டார். தாடிக்காரர் கொஞ்ச நேரம் பாறையைப் பார்த்தார். அந்தக் கைக்கு ஒரு கதை இருக்கிறது, அது எனக்குத் தெரியும், ஆனால் அதை இங்கே சொல்லமாட்டேன் என்றார். குரலில் கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை. வலைத்தொப்பிக்காரர், அதுவும் சரிதான் என்று தலையாட்டிவிட்டு அடுத்த கைக்குப் போனார்.

சித்தப்பா என் பக்கம் குனிந்து, என்ன சொன்னார் என்று கேட்டார்.

"அவருக்குத் தெரியாதாம்," என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒருவர் கேட்டதற்குச் "சொல்லமாட்டன்" என்று பதில் சொன்னால் அது வாய்த்துடுக்கு. அதற்கு நான் அடியும் வாங்கியிருக்கிறேன். சொல்ல விருப்பமில்லையென்றால் "தெரியாது" என்று சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. அப்பாவின் சம்பளம் எவ்வளவு என்று கல்யாண வீட்டில் அன்ரிமார் கேட்டால் அம்மா தெரியாது என்பார். கேட்டவர்களும் விளங்கிக்கொள்வார்கள். ஊரில் சோதனைச் சாவடிகளில் அந்த ஒரு சொல் எத்தனையோ பேரைக் காப்பாற்றியது என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஆகவே அந்தத் தாடிக்காரர் முகத்தில் அடித்தாற்போல் சொன்னதை நான் அவருடைய நல்ல பெயருக்காகவே திருத்திக் கொடுத்தேன்.

ஆனால் சித்தப்பா கொட்டகையில் ஆறு வருடம் வேலை செய்தவர். பேச வராவிட்டாலும் கேட்கும் இங்கிலீஷ் அவருக்குக் கொஞ்சம் விளங்கும்.

"பிள்ளை, அவர் தெரியும் எண்டெல்லோ சொன்னவர்," என்றார்.

பிடிபட்டுவிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, தெரியுமாம், ஆனால் சொல்லமாட்டாராம், அப்படிச் சொன்னால் மரியாதை இல்லையே என்றுதான் மாற்றினேன் என்று ஒப்புக்கொண்டேன். பேச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் ஏசவில்லை. பக்கத்தில் இருந்த கல்லில் மெல்ல உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. வெயில் தாக்கிவிட்டது என்று அம்மா தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தார். சித்தப்பா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"சொல்லமாட்டன் எண்டு சொல்லியும் ஒருத்தரும் அவரைப் பொய்யன் எண்டு சொல்லேல்ல, பார்த்தனியே?" என்றார்.

அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அவரிடமே கேட்டுச் சொல்லவா என்றேன். வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணி, அந்தக் கடிதம் பையிலயோ இருக்கு?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா சந்தனப் பொட்டு வைத்த உறையை எடுத்துக் கொடுத்தார். சித்தப்பா அதை என்னிடம் நீட்டி, விரல்களைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தைத் தேடச் சொன்னார். சுருக்காமல், ஒரு சொல்லையும் மாற்றாமல் வாசி என்றார். ஐந்தாவது பக்கத்தில் இருந்தது. அதிகாரியுடனான நேர்முகத்தில், விரல்களை எப்படி இழந்தார் என்று கேட்டபோது தனக்குத் தெரியாது என்று விண்ணப்பதாரர் பதிலளித்தார். ஒருவருக்குத் தன் விரல்கள் போன விதம் தெரியாது என்பது நம்பத்தக்கதல்ல. ஆகவே அவர் சொன்ன மற்றவற்றையும் நம்ப முடியவில்லை. நான் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன். வாழ்க்கையில் நான் செய்த முதல் ஒழுங்கான மொழிபெயர்ப்பு அதுதான்.

"நான் தெரியாது எண்டு சொல்லேல்ல," என்றார் சித்தப்பா. "அதைப் பற்றிக் கதைக்கமாட்டன் எண்டு சொன்னனான்."

காரில் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பினோம். அவர் கண்ணைக் கசக்கிக் கடிதத்தை வாங்கி அந்த இடத்தை நாலைந்து தரம் வாசித்தார். பிறகு காரைவிட்டு இறங்கி, கொஞ்சத் தூரம் நடந்து போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தன் ஒரு வரி மொழிபெயர்ப்பை நினைத்திருப்பார். சித்தப்பாவோ, தான் பேச மறுத்ததால்தான் நம்பாமல் விட்டார்கள் என்று இவ்வளவு நாளும் எண்ணிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மட்டும் ஒரு குழப்பமும் இல்லை. கற்பூரம் கொளுத்தாமலேயே சாமி கண் திறந்துவிட்டது என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

புரோக்கன் ஹில்லில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைத்ததும் வழக்கறிஞரை அழைத்தோம். சம்பளம் வாங்காமல் சித்தப்பாவின் வழக்கை எடுத்த ஒரு பெண், அதுவரைக்கும் நாங்கள் அவரைச் சந்தித்திருக்கவில்லை. அந்த நேர்முகத்தின் ஒலிப்பதிவு கட்டாயம் இருக்கும், கேட்டு வாங்கலாம் என்றார். சில வாரங்களில் அதை அவரே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார், சித்தப்பாவும் மில்டுராவிலிருந்து வந்திருந்தார். வீட்டில் எல்லோரும் குசினி மேசையைச் சுற்றி இருந்து கேட்டோம். கதைக்கமாட்டன் என்ற சித்தப்பாவின் குரல் தெளிவாக இருந்தது. அடுத்து, தொலைபேசி வழியாகப் பேசிய மொழிபெயர்ப்பாளரின் குரல், அவருக்குத் தெரியாதாம் என்று இங்கிலீஷில் சொன்னது. வயதான, பண்பான ஒரு குரல். எங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பெரிய அதிகாரியின் முன்னால் நம்முடைய பிள்ளை துடுக்காகப் பேசிவிட்டானே என்று அவரும் அதைத் திருத்திக் கொடுத்திருப்பார். அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் வந்ததில்லை. எப்படி வரும்?

வழக்கறிஞர் அப்போது இன்னொன்றும் சொன்னார். ஒலிப்பதிவு பிழையைத்தான் காட்டும், விசாரணையில் மறுபடியும் அதையே கேட்பார்கள், இந்த முறை முழுவதையும் சொல்லத்தான் வேண்டும் என்றார். பாலைவனத்தில் அந்த மனிதர் சொல்லவில்லையே, அவரை எல்லோரும் நம்பினார்களே என்று சித்தப்பா கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். அவர் யாரிடமும் விசா கேட்கவில்லையே என்றார் வழக்கறிஞர். அதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். சித்தப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

விசா பிறகு கிடைத்தது. சித்தப்பா இப்போது ஸ்பிரிங்வேலில் இருக்கிறார், கல்யாணமும் செய்துவிட்டார். விசா வந்த நாளில் அம்மா தெருவில் நாலு வீட்டுக்குப் பால்சோறு கொடுத்தார். ஆனால் எனக்கு அந்த நாளைவிட விசாரணை நாள்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஜூலை விடுமுறை, வீட்டில் என்னைத் தனியே விட முடியாது என்று என்னையும் கூட்டிப்போனார்கள். நகரத்தில் ஒரு உயரமான கட்டடம், மெத்தென்ற கம்பளம், சத்தமில்லாத மின்தூக்கி. ஜன்னலுக்கு வெளியே முகில் நின்றது. சித்தப்பா அப்பாவின் பழைய கோட்டைப் போட்டிருந்தார். உள்ளே கூப்பிட்டதும் அப்பாவும் எழுந்தார். சித்தப்பா அவருடைய தோளில் கைவைத்து, "அண்ணா, நீங்கள் வெளியில இருங்கோ," என்றார். உள்ளே கதிரை போதவில்லை போலும் என்று நான் நினைத்தேன்.

மூன்று மணிநேரம் ஆனது. அப்பா மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்றபடியே நின்றார். நான் கம்பளத்தின் கோடுகளில் நடந்து விளையாடினேன், அம்மாவின் மடியில் கொஞ்சம் தூங்கினேன். கதவு திறந்தபோது வழக்கறிஞர் முதலில் வந்து, பெருவிரலை உயர்த்தி எங்களுக்குக் காட்டினார். பின்னால் சித்தப்பா வந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சட்டையின் முதுகு முழுவதும் நனைந்திருந்தது. எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

உள்ளே அவர் என்ன சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அன்று நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எல்லாத்தையும் சொல்லிப்போட்டீங்களா, சித்தப்பா?"

"ஓம் பிள்ளை," என்றார். "சொல்லிப்போட்டன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று, அந்தக் கூடம் முழுவதும் கேட்கும்படி கைதட்டினேன். அம்மா சட்டென்று என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்த ஒருவருக்குக் கைதட்டுவதில் என்ன பிழை என்று அன்று எனக்கு விளங்கவில்லை.